கவுன்சில் வரிப் பில்லைப் புரிந்துகொள்வோம்: பின்னங்களும் சதவீதங்களும்

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில், எமது எல்லைக்குள் அமைந்த வீடுகளுக்கு அடுத்த நிதியாண்டுக்கான கவுன்சில் வரிப் பில் அனுப்பப்படுகின்றது. ஏப்ரல் 1 முதல் மறு ஆண்டு மார்ச் 31 வரையான காலத்துக்குரிய அந்தப் பில்லில் ஒரு வரிப்பிரிவு, சில சதவீதங்கள், சிலருக்கு ஒரு கழிவு, அதன்பின் தவணைகளின் பட்டியல் ஆகியன அச்சிடப்பட்டிருக்கும். பலர் இறுதித் தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் பில்லை மடித்து வைத்துவிடுகின்றனர். அது சரியா என்பதைத் தம்மால் சரிபார்க்க இயலாது என்ற எண்ணமே அதற்குக் காரணம்.

உண்மையில் இந்தப் பில்லிலுள்ள கணக்கு பள்ளிக்கூடத்தில் நாம் அனைவரும் கற்ற பின்னங்களுக்கும் சதவீதங்களுக்கும் அப்பாற்பட்டதன்று. அதை விளங்கிக்கொள்ளாதோர் தமக்குரிய கழிவைக் கேளாமல் விட்டுவிடுகின்றனர்; அல்லது எதிர்பாராத நிலுவைக்கு ஆளாகின்றனர். இரண்டையும் தவிர்ப்பதற்கு ஒரேயொரு கேள்வியைப் பழக்கமாக்கிக்கொண்டால் போதும். ஒரு பின்னத்தையோ சதவீதத்தையோ காணும்போது, "இது எதில் கணக்கிடப்பட்டது?" என்று கேட்பதே அது.

இக்கட்டுரையில் வரும் விதிகள் இங்கிலாந்துக்கு உரியவை. தொகைகள் கணக்கு எளிதாக விளங்குவதற்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. உங்கள் பில்லிலுள்ள தொகைகள் வேறாக இருக்கும்.

பின்னமும் சதவீதமும்

ஒரு முழுப்பொருளைச் சம பங்குகளாகப் பிரித்து, அவற்றுள் சிலவற்றை எடுத்துக்கொள்வதே பின்னம். கோட்டுக்குக் கீழே உள்ள எண் பகுதி; முழுப்பொருள் எத்தனை பங்குகளாகப் பிரிக்கப்பட்டது என்பதை அது காட்டும். மேலே உள்ள எண் தொகுதி. எத்தனை பங்குகள் எடுக்கப்பட்டன என்பதை அது காட்டும். கால், அரை, முக்கால் என்பவற்றை நாம் நாள்தோறும் பயன்படுத்துகின்றோம். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, மாகாணி என்றால் பதினாறில் ஒன்று என எம் மூதாதையர் இன்னும் நுண்ணிய பின்னங்களுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தனர்.

சதவீதம் என்பது பகுதி எப்போதும் 100 ஆக இருக்கும் பின்னம். எனவே 25% என்பது நூற்றில் இருபத்தைந்து, அதாவது கால். 50% என்பது அரை. 10% என்பது பத்தில் ஒன்று. ஒரு தொகையின் 10% வேண்டுமாயின் அதைப் பத்தால் வகுத்தால் போதும். அதில் பாதி 5%. தொகையை நூறால் வகுத்தால் 1%. இவற்றைக் கொண்டே பில்லிலுள்ள பெரும்பாலான கணக்குகளை மனத்தால் போட்டுப் பார்க்கலாம்.

வரிப்பிரிவுகள்: ஒன்பதில் பங்குகள்

கவுன்சில் வரி 1992ஆம் ஆண்டின் உள்ளூராட்சி நிதிச் சட்டத்தின்கீழ் உருவாக்கப்பட்டு, 1993 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு வீடும் 1991 ஏப்ரல் 1 அன்று என்ன விலைக்கு விற்கப்பட்டிருக்கும் என்பதன் அடிப்படையில் ஏ முதல் எச் வரையான எட்டுப் பிரிவுகளுள் ஒன்றில் சேர்க்கப்பட்டுள்ளது. இன்றைய சந்தை விலைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

கவுன்சில் ஆண்டுதோறும் டி பிரிவுக்குரிய வரியை முடிவு செய்யும். ஏனைய பிரிவுகளின் வரி அதன் ஒன்பதில் பங்குகளாகச் சட்டத்திலேயே வரையறுக்கப்பட்டுள்ளது. டி பிரிவின் வரி 1,800 பவுண் எனக் கொண்டால், ஒன்பதில் ஒரு பங்கு 200 பவுண். அதன்படி:

ஏ பிரிவு: 6 பங்குகள், 1,200 பவுண்
பி பிரிவு: 7 பங்குகள், 1,400 பவுண்
சி பிரிவு: 8 பங்குகள், 1,600 பவுண்
டி பிரிவு: 9 பங்குகள், 1,800 பவுண்
ஈ பிரிவு: 11 பங்குகள், 2,200 பவுண்
எஃப் பிரிவு: 13 பங்குகள், 2,600 பவுண்
ஜி பிரிவு: 15 பங்குகள், 3,000 பவுண்
எச் பிரிவு: 18 பங்குகள், 3,600 பவுண்

இதனால், கவுன்சில் வெளியிடும் டி பிரிவுத் தொகையை ஒன்பதால் வகுத்து, உங்கள் பிரிவுக்குரிய பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் உங்கள் வீட்டுக்குரிய முழு வரி கிடைத்துவிடும். பில்லிலுள்ள தொகை அதிலிருந்து வேறுபட்டால், அந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம் பில்லில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இவ்வாண்டு எவ்வளவு கூடியது?

லண்டனில் பில்லிலுள்ள வரி இரண்டு அமைப்புகளுக்குச் செல்கின்றது. பெரும்பகுதி கவுன்சிலுக்கு உரியது. மற்றது, பொலிஸ், தீயணைப்பு, போக்குவரத்து ஆகியவற்றுக்காகக் கிரேட்டர் லண்டன் அதிகாரசபைக்குச் சேர்வது. இரண்டும் வெவ்வேறு சதவீதங்களில் கூடலாம்.

2023 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டு முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள், கவுன்சிலுக்குரிய பங்கைப் பொதுவாக்கெடுப்பு நடத்தாமல் 4.99% வரை கூட்டலாம் என அரசு பெரும்பாலான கவுன்சில்களுக்கு எல்லை வகுத்திருந்தது. அதில் 2.99% பொதுச் செலவுகளுக்கும் 2% முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான வளர்ந்தோர் சமூகப் பராமரிப்புக்கும் உரியவை. அந்த எண்களைக் கொண்டே ஒரு கணக்கைப் பார்ப்போம்.

கடந்த ஆண்டு டி பிரிவின் வரியான 1,800 பவுணில் கவுன்சிலின் பங்கு 1,400 பவுண், லண்டன் அதிகாரசபையின் பங்கு 400 பவுண் எனக் கொள்வோம். 1,400 பவுணில் 2.99% என்பது 41.86 பவுண், 2% என்பது 28 பவுண். கவுன்சிலின் புதிய பங்கு 1,469.86 பவுண். லண்டன் அதிகாரசபையின் பங்கு 4% கூடினால் அது 416 பவுண் ஆகும். மொத்தம் 1,885.86 பவுண்.

கூடிய தொகை 85.86 பவுண். அதைக் கடந்த ஆண்டின் 1,800 பவுணால் வகுத்தால் 4.77% என வருகின்றது. 4.99ஐயும் 4ஐயும் கூட்டி 8.99% என்று கொள்வது பிழை. இரண்டும் வெவ்வேறு தொகைகளில் கணக்கிடப்பட்டவை. இரண்டின் சராசரியை எடுப்பதும் சரியாகாது. ஏனெனில் இரு பங்குகளும் அளவில் சமமானவை அல்ல.

சமூகப் பராமரிப்புக்கான வரியைப் பார்த்துப் பலரும் குழப்பமடைகின்றனர். அங்கே கடந்த ஆண்டு 200 பவுண், இவ்வாண்டு 228 பவுண் என்றும், அருகில் அதிகரிப்பு 2% என்றும் இருப்பதாகக் கொள்வோம். 200 என்பது 228 ஆகியிருந்தால் அது 14% அதிகரிப்பு அல்லவா என்று கேட்பது நியாயமே. ஆயினும் பில்லில் பிழை இல்லை. அந்த 2% என்பது கடந்த ஆண்டின் சமூகப் பராமரிப்புத் தொகையில் கணக்கிடப்பட்டதன்று. கவுன்சிலின் மொத்தப் பங்கான 1,400 பவுணில் கணக்கிடப்பட்டது. சதவீதத்தை அச்சிடும் முறையை விதிகளே அவ்வாறு வகுத்துள்ளன.

கூட்டிய சதவீதத்தையே கழித்தால் பழைய தொகை திரும்பக் கிடைக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும். 1,469.86 பவுணிலிருந்து 4.99% கழித்தால் 1,396.51 பவுண் வரும்; 1,400 வராது. கூட்டும்போது சதவீதம் பழைய தொகையில் எடுக்கப்பட்டது; கழிக்கும்போது புதிய, பெரிய தொகையில் எடுக்கப்பட்டது. பழைய தொகையை அறிய 1.0499 ஆல் வகுக்க வேண்டும்.

ஒருவர் மட்டும் வசிக்கும் வீட்டுக்கான கழிவு

ஒரு வீட்டில் 18 வயதும் அதற்கு மேலும் ஆன இருவராவது வசிக்கின்றனர் என்ற அடிப்படையில் முழு வரி விதிக்கப்படுகின்றது. வளர்ந்தவர் ஒருவர் மட்டுமே வசித்தால் 25% கழிவு, அதாவது கால்வாசித் தள்ளுபடி கிடைக்கும். "ஆட்களில் பாதிதானே இருக்கின்றோம், வரியிலும் பாதி ஏன் குறையவில்லை?" என்று சிலர் கேட்பதுண்டு. வரியின் ஒரு பாதி வீட்டுக்கும், மறு பாதி அதில் வாழும் இருவருக்கும் உரியது எனக் கொண்டால் இது விளங்கும். ஒருவருக்குரிய பங்கு பாதியில் பாதி, அதாவது கால். மூன்றாமவரோ நான்காமவரோ வந்து சேர்ந்தாலும் வரி கூடாதிருப்பதும் இதனாலேயே.

கணக்கிடும்போது எல்லோரும் எண்ணிக்கையில் சேர்க்கப்படுவதில்லை. 18 வயதுக்குக் குறைந்தோர், பதினெட்டைத் தாண்டியும் பிள்ளைகள் நலக் கொடுப்பனவு கிடைக்கும் பிள்ளைகள், முழுநேர மாணவர்கள், விதிக்கப்பட்ட நிபந்தனைகளுக்கு அமைந்த பராமரிப்பாளர்கள் ஆகியோர் அவ்வாறு விடப்படுவோர். மகனுக்கு 18 வயது நிறைந்தவுடன் கழிவு போய்விட்டது என்று தாய்மார் தாமாகவே முடிவுசெய்துவிட வேண்டாம். அவர் இன்னும் படித்துக்கொண்டிருந்தால் கழிவு தொடரக்கூடும்.

எம் சமூகத்தில் அதிகம் அறியப்படாத இன்னொரு வகையும் உண்டு. மறதிநோய் போன்ற காரணங்களால் நிரந்தரமாகக் கடும் உளத்திறன் குறைபாட்டுக்கு உள்ளானவர், மருத்துவரின் சான்றிதழும் குறிப்பிட்ட அரச உதவிப்பணங்களுள் ஒன்றுக்கான தகுதியும் இருப்பின், எண்ணிக்கையில் சேர்க்கப்படமாட்டார். எனவே ஒரு மகள், மறதிநோயுள்ள தாயுடன் இருவராக வசித்தால், எண்ணப்படுபவர் மகள் மட்டுமே. 25% கழிவு கிடைக்கும். மகளின் கணவரும் அதே வீட்டில் வசித்தால் எண்ணப்படுவோர் இருவர், கழிவு இல்லை. வசிப்போர் அனைவருமே எண்ணப்படாதவர்கள் எனில் கழிவு இரு கால்கள், அதாவது 50%. முழுநேர மாணவர் மட்டும் வசிக்கும் வீடும், மேற்சொன்ன குறைபாடுள்ளவர் தனித்து வசிக்கும் வீடும் முழு விலக்குக்கு உரியவை.

கால் போனால் மூன்றில் ஒன்று கூடும்

சி பிரிவு வீடொன்றில் தனியாக வசிக்கும் ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். முழு வரி 1,600 பவுண். கால்வாசிக் கழிவு 400 பவுண் போக, அவர் செலுத்துவது 1,200 பவுண். ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்துத் தவணைகளில், மாதம் 120 பவுண்.

அவருடைய தம்பி வேலை நிமித்தம் பேர்மிங்காமிலிருந்து வந்து அக்காவுடன் வசிக்கத் தொடங்குகின்றார். 25% கழிவு நீங்குகின்றது. ஆகவே அக்காவின் செலவும் 25% கூடும் என்று இருவரும் எண்ணினால் அது தவறு. கழிவு 1,600 பவுணில் கால். அது நீங்கும்போது கூடும் 400 பவுணை அவர் இதுவரை செலுத்திவந்த 1,200 பவுணோடு ஒப்பிட வேண்டும். 400 என்பது 1,200 இல் மூன்றில் ஒரு பங்கு. அதாவது 33 சதவீதத்துக்கும் சற்று மேல். தம்பி வீட்டுச் செலவில் எவ்வளவு பங்கேற்க வேண்டும் என்று பேசி முடிவெடுக்கும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

ஆண்டின் நடுவில் மாற்றம் வந்தால்

கவுன்சில் வரி நாள்கணக்கில் கணிக்கப்படுவது. தம்பி ஒக்டோபர் 1ஆம் திகதி வந்தார் எனில், மார்ச் 31 வரை 182 நாள்கள். ஆண்டுக் கழிவான 400 பவுணை 365 ஆல் வகுத்து 182 ஆல் பெருக்கினால் 199.45 பவுண். இதுவே அவ்வாண்டு கூடுதலாகச் செலுத்த வேண்டிய தொகை.

அக்கா உடனே அறிவித்தால், இந்தத் தொகை ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான நான்கு தவணைகளில் பகிரப்படும். ஒவ்வொன்றிலும் 49.86 பவுண் அளவில் கூடி, தவணை ஏறத்தாழ 169.86 பவுண் ஆகும். ஜனவரியில்தான் அறிவித்தார் எனில், எஞ்சியிருப்பது ஒரே தவணை, அது 319.45 பவுண். செலுத்த வேண்டிய மொத்தத் தொகை இரு நிலைகளிலும் ஒன்றே. ஆனால் நான்கு மாதங்களில் தாங்கக்கூடிய சுமை ஒரே மாதத்தில் வந்து விழுகின்றது. அடுத்த ஆண்டுதான் தெரியவருமாயின் நிலுவை இன்னும் பெருகும்.

கழிவுக்கான தகுதி நீங்கியதை 21 நாள்களுக்குள் கவுன்சிலுக்கு அறிவிப்பது சட்டப்படியான கடமை. அறிவிக்கத் தவறினால் 70 பவுண் தண்டப்பணம் விதிக்கப்படலாம். பத்துத் தவணைகளுக்குப் பதிலாகப் பன்னிரண்டு தவணைகளில் செலுத்தக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. 1,200 பவுண் அப்போது மாதம் 120க்குப் பதிலாக 100 பவுண் ஆகும். வரி குறைவதில்லை, பங்கிடும் எண் மட்டுமே மாறுகின்றது.

ஒன்றன்மேல் ஒன்றாக வரும் குறைப்புகள்

நிரந்தர உடற்குறைபாடுள்ள ஒருவருக்காக வீட்டில் மேலதிகக் குளியலறையோ சமையலறையோ தேவையான ஓர் அறையோ இருந்தால், அல்லது சக்கர நாற்காலியை வீட்டினுள் பயன்படுத்த இடம் ஒதுக்கப்பட்டிருந்தால், அந்த வீட்டுக்கு ஒரு பிரிவு கீழான வரி விதிக்கப்படும். சி பிரிவு வீட்டுக்கு பி பிரிவின் வரியான 1,400 பவுண் வரும். இங்கே குறைவது 200 பவுண். டி பிரிவுத் தொகையில் அது ஒன்பதில் ஒன்று; உங்கள் பழைய பில்லான 1,600 பவுணில் எட்டில் ஒன்று, அதாவது 12.5%. ஏ பிரிவு வீட்டுக்குக் கீழே பிரிவு இல்லை என்பதால், அதற்கு ஒன்பதில் ஆறுக்குப் பதிலாக ஒன்பதில் ஐந்து விதிக்கப்படும்.

குறைந்த வருமானம் உடையோருக்கான வரி உதவி, கழிவுகள் யாவும் போக எஞ்சும் தொகையிலேயே கணக்கிடப்படும். தனியாக வசிக்கும் ஒருவருக்கு 25% கழிவும், அதன்மேல் 50% உதவியும் கிடைத்தன எனக் கொள்வோம். இரண்டையும் கூட்டி 75% குறையும் என்று எதிர்பார்த்தல் ஆகாது. 1,600 பவுண் முதலில் 1,200 ஆகும். பின் அதில் பாதி குறைந்து 600 ஆகும். மொத்தக் குறைவு 1,000 பவுண், அதாவது 62.5%. உதவியின் அளவு வருமானத்தையும் வயதையும் பொறுத்தது. வேலைசெய்யும் வயதினருக்கான திட்டம் கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறுபடும்.

வெறுமையாகக் கிடக்கும் வீடுகள்

ஆட்கள் வசிக்காமலும் தளபாடங்கள் இன்றியும் ஓராண்டைக் கடந்த வீடுகளுக்குக் கவுன்சில்கள் மேலதிக வரி விதிக்கலாம். முதலில் 100% வரை, ஐந்தாண்டுகள் கடந்தால் 200% வரை, பத்தாண்டுகள் கடந்தால் 300% வரை அதனை விதிக்க இயலும். இச்சதவீதங்கள் வழமையான வரிக்கு மேலாகச் சேர்பவை. எனவே 100% மேலதிகம் என்றால் வரி இரு மடங்கு. 1,600 பவுண் 3,200 ஆகும். 300% மேலதிகம் என்றால் மூன்று மடங்கன்று, நான்கு மடங்கு, 6,400 பவுண். பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டை என்ன செய்வதென்று முடிவெடுக்காமல் காலம் கடத்தும் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இறந்தவரின் வீடு, விற்பனைக்கு விடப்பட்ட வீடு முதலியவற்றுக்குச் சிறிது காலம் விலக்குகள் உண்டு. அவற்றைக் கேட்டுப் பெற வேண்டும்.

உங்கள் பில்லை நீங்களே சரிபார்க்க

1. டி பிரிவுத் தொகையை ஒன்பதால் வகுத்து, உங்கள் பிரிவின் பங்குகளால் பெருக்குங்கள். அதுவே முழு வரி.
2. உடற்குறைபாட்டுக்கான பிரிவுக் குறைப்பு உண்டெனில், ஒரு பிரிவு கீழான தொகையை எடுத்துக்கொள்ளுங்கள்.
3. வீட்டில் எண்ணப்படுவோர் எத்தனை பேர் என்று பாருங்கள். ஒருவர் எனில் கால்வாசியைக் கழியுங்கள்.
4. எஞ்சிய தொகையிலிருந்து வரி உதவியைக் கழியுங்கள்.
5. ஆண்டின் நடுவில் ஏதேனும் மாறியிருந்தால், மாற்றம் வந்த நாளிலிருந்து மார்ச் 31 வரை நாள்களை எண்ணி, 365இல் ஒரு பங்காகக் கணக்கிடுங்கள்.
6. கிடைத்த தொகையை எஞ்சியுள்ள தவணைகளின் எண்ணிக்கையால் வகுத்து, பில்லிலுள்ள தவணையோடு ஒப்பிடுங்கள். சில பென்ஸ் வேறுபாடு எண்களை முழுமையாக்குவதால் வருவது.

உங்கள் கணக்கும் பில்லும் பொருந்தாவிடில், அல்லது உங்களுக்குரிய ஒரு கழிவு பில்லில் இல்லாவிடில், பில்லையும் நீங்கள் போட்ட கணக்கையும் எடுத்துக்கொண்டு கவுன்சில் வரிப் பிரிவை அணுகுங்கள். எந்தப் படியில் வேறுபாடு தோன்றுகின்றது என்று சுட்டிக்காட்டுவோருக்கு விரைவாக விடையளிக்க முடியும். கழிவுக்கும் விலக்குக்கும் விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் இல்லை. விடை கிடைக்கும் வரை தவணைகளை நிறுத்திவிட வேண்டாம். நினைவூட்டல் கடிதம் வந்த பின்னரும் உரிய நாளுக்குள் செலுத்தாவிடில், தவணையாகச் செலுத்தும் உரிமை பறிபோய், எஞ்சிய ஆண்டுத் தொகை முழுவதும் ஒரே தடவையில் கேட்கப்படலாம். செலுத்துவது கடினம் எனில், அந்தக் கடிதம் வருவதற்கு முன்னரே எம்முடன் பேசுங்கள். தமிழில் விளக்கம் தேவைப்படுவோர் முன்கூட்டியே தெரிவித்தால் மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்து தரப்படும்.